ராத்திரி மூணு மணிக்கு யார் முழித்திருப்பார்கள்? ரோந்துக் காவலர் வேலைக்குப் போக நினைக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழி. விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு ஒருவர் ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வருகிறார். வெளிமாவட்டத்திலிருந்து போன வாரம் மாற்றலாகி வந்த காவலர் என்றால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி அதட்டிவிடுவார். அதே ரோட்டில் ஆறு மாதம் ரோந்து போனவர், "என்ன அண்ணாச்சி, மழை வருமுன்னே வெட்டி முடிச்சிரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பால் வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துபோகும்.

இன்னும் அரை கிலோமீட்டர் தாண்டி, வெளிநாட்டில் இருப்பவர் ஒருவரின் பூட்டிய வீட்டுக்கு எதிரே விளக்கை அணைத்து ஒரு வேன் நிற்கிறது. வேனில் கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஆனால் அங்கேதான் அவர் வண்டியை நிறுத்துவார். கத்தி வைத்திருந்தவரை விட்டார், சும்மா நின்ற வேனைப் பிடித்தார். ஏன் என்பது விளங்கிவிட்டால் ரோந்து என்றால் என்ன என்பது பாதி விளங்கிவிட்டது.

என் சித்தப்பா ஒருவர் காவல்துறையில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து ஆசைப்பட்ட ஊர்ப் பையன்கள், பிள்ளைகள் சிலர் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும், "எத்தனை சென்டிமீட்டர் வேணும்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கும் வருகிறேன். அதற்கு முன், எந்த வேலைக்காக அளந்து பார்க்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

சுற்றுவதா, பழகுவதா?

ரோந்துக்குப் பாடப்புத்தக விளக்கம் எளிது. குற்றம் நடக்குமுன் காவலர் கண்ணில் படுவது, நடந்தால் முதல் ஆளாகப் போய்ச் சேருவது, இரண்டுக்கும் நடுவில் அந்த எல்லையைக் கவனித்துக்கொண்டே இருப்பது. ஒரு காவல் நிலையத்தின் எல்லையைப் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு 'பீட்'. நடந்து போகிற பீட், டூவீலர் பீட், எஸ்.ஐ. ஜீப்பில் வரும் நைட் ரவுண்ட்ஸ், தேசிய நெடுஞ்சாலையில் நிற்கும் ஹைவே பேட்ரோல், கடலில் படகில் போகிற கடலோரப் பாதுகாப்புக் குழுமம் எல்லாமே ரோந்துதான்.

ஜீப் அடிக்கடி சுற்றினால் திருட்டு குறையும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அமெரிக்காவில் கான்சாஸ் நகரக் காவல்துறை 1972 முதல் 1973 வரை இதைச் சோதித்துப் பார்த்தது. 15 ரோந்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தி, அழைத்தால் மட்டும் போனார்கள். சிலவற்றில் ரோந்து வண்டிகளை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். மீதியை வழக்கம்போல் விட்டார்கள். முடிவில் குற்ற எண்ணிக்கையிலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் நியூவார்க் நகரில் நடந்து போகிற ரோந்தைச் சோதித்தபோது, அங்கும் குற்றம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்குப் பயம் குறைந்திருந்தது, போலீஸ் மேல் மதிப்பும் கூடியிருந்தது.

ரோந்தே வீண் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுற்றுகிற வண்டியால் பெரிய பலன் இல்லை என்பதுதான் எனக்குப் படுகிறது. இறங்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகின ஆளுக்குத்தான் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று தெரியும்.

நம்ம மாவட்டத்தின் ராத்திரி

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். சென்னைக்கு அடுத்த நெரிசல் இங்கேதான். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதே கஷ்டம். அந்த நெரிசலுக்குள் ராத்திரி ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

தோவாளையில் பூச்சந்தைக்கு நடுராத்திரியிலேயே லோடு வந்துவிடும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் அங்கே தூங்குகிறவர்களே கிடையாது. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கிற காற்றுக்கு டூவீலரில் போகிறவர் தானாகவே ஒருபக்கமாய்ச் சாய்ந்துதான் போவார். அவர் குடித்திருக்கிறாரா, காற்று தள்ளுகிறதா என்று தூரத்திலிருந்தே சொல்லத் தெரிய வேண்டும். வடக்கே இருந்து இறங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. பன்வேலில் இருந்து கேரளம் வழியாக வருகிற 66ஆம் எண்ணும் அங்கேதான் வந்து சேருகிறது. ராத்திரி முழுக்கப் பேருந்து, சுற்றுலா வேன், சபரிமலை சீசனில் மாலை போட்ட சாமிமார் வண்டிகள்.

மேற்கே போனால் கதையே வேறு. களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு பக்கம் எல்லை என்று ஒரு கோடு கிடையாது. ஒரு வீட்டின் முன்வாசல் தமிழ்நாட்டிலும் பின்பக்கத் தோட்டம் கேரளத்திலும் இருக்கும். ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகும். கோழிக் கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் இந்தப் பக்கம் வரும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் அளவுக்கு மேல் பாரத்தோடு ஓடும். பிரதான ரோட்டில் செக்போஸ்ட் இருக்கிறது, சரி. பக்கத்து இடைவழிகளை யார் பார்ப்பது? பீட் போகிறவர்தான் பார்க்க வேண்டும். அங்கே பேச்சும் மாறும். "சாடிப் போயிட்டான் சாரே" என்று ஒருவர் சொன்னால், தப்பி ஓடினவன் சுவர் ஏறிக் குதித்துப் போனான் என்று அர்த்தம். தஞ்சாவூர்க்காரருக்கு இது விளங்கவே ஒரு மழைக்காலம் ஆகும். இந்த ஒரு விஷயத்தில் நம்ம பிள்ளைகளுக்குக் கூடுதல் பலம் உண்டு.

கடற்கரையில் இன்னொரு பாடம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கரை, நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். கரையில் ஒரு தகராறு என்றால் ஊர்க் கமிட்டியையும் பங்குச் சாமியாரையும் தெரிந்த காவலர் பத்து நிமிடத்தில் அமைதியாக்கிவிடுவார். தெரியாதவர் இன்னொரு வேன் போலீஸை வரவழைப்பார், அதற்குள் கூட்டம் இரட்டிப்பாகிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துப்போனது. காற்றும் மழையும் இல்லாமல் திடீரென்று பொங்கி வருவதைக் கள்ளக்கடல் என்று நம்ம மீனவர்கள் சொல்வார்கள். எச்சரிக்கை வந்த நாளில் கரையில் நின்று, குளிக்க வந்தவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் மேலே ஏற்றுவதும் ரோந்து வேலைதான். அதற்கு யாரும் மெடல் தரமாட்டார்கள். ஏற்றிவிடப்பட்டவர்கள் திட்டிவிட்டுத்தான் போவார்கள்.

இங்கே வேலை பார்க்கிறவர்கள் மறக்கக் கூடாத வருடம் ஒன்று உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் திருவிழா நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரமும் துப்பாக்கிச்சூடும். நீதிபதி வேணுகோபால் ஆணையம் அதை விசாரித்தது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஒரு குருசடியின் (வழியோரச் சிலுவைக் கூடத்தின்) கண்ணாடி உடைந்தாலும், ஒரு கொடிக்கம்பம் சாய்ந்தாலும், அது கண்ணாடியாகவோ கம்பமாகவோ மட்டும் பார்க்கப்படுவதில்லை. விடியுமுன் அதை முதலில் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்கிற ஆள் ரோந்துக் காவலர். ஊர் விழிக்குமுன் அது சரிசெய்யப்பட்டுவிட்டால் அப்படியொன்று நடந்ததே வெளியே தெரியாது. நல்ல ரோந்து பத்திரிகையில் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ராத்திரி எப்படிப் போகும்

இரவு பத்து மணி வாக்கில் ஸ்டேஷனில் ரோல்கால். யார் பாரா (ஸ்டேஷன் காவல்), யார் எந்த பீட் என்று பிரிப்பார்கள். லத்தி, டார்ச், மைக். மைக் என்றால் வயர்லெஸ். பீட்டில் வங்கி, நகைக்கடை, கோவில், சர்ச், ஏ.டி.எம்., பூட்டிய வீடுகள். முன்பெல்லாம் அங்கங்கே தொங்கும் பட்டா புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். புத்தகத்துக்குப் பதில் இப்போது செல்போனில் பதிகிற இ-பீட் முறை வந்திருக்கிறது. மூன்று மணிக்குப் போட வேண்டிய கையெழுத்தைப் பதினொன்றுக்கே போட்டுவிட்டுத் தூங்குகிற பழைய வித்தை இனி அவ்வளவு எளிதல்ல. சித்தப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் மைக்கில் கன்ட்ரோல் ரூம் கூப்பிடும். 100க்கோ 112க்கோ வந்த அழைப்பு. புருஷன் பெண்டாட்டி சண்டை, விபத்து, குடித்துவிட்டுக் கடை முன்னால் தகராறு, வீட்டுக்கு வராத பெரியவர். சினிமாவில் வருகிற துரத்தல் என்பது வருடத்தில் ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் பேச்சு. அழுகிறவரை உட்காரவைத்துப் பேசுவது, கத்துகிறவரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசுவது.

பேச்சு முடிந்தால் எழுத்து. எங்கே, எத்தனை மணிக்கு, யார், என்ன சொன்னார்கள். அந்தக் குறிப்பிலிருந்துதான் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது, எஃப்.ஐ.ஆர். எல்லாம் பிறக்கும். இரண்டு வருடம் கழித்து நாகர்கோவில் கோர்ட்டில் கூண்டில் ஏறி நிற்கும்போது, "நீங்கள் பார்த்தபோது தெருவிளக்கு எரிந்ததா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். எழுதிவைக்காதவர் அங்கே முழிப்பார். நாலு வரி தெளிவாகத் தமிழ் எழுத வராதவர்கள், உடம்பைத் தேற்றுவதற்கு முன் கையெழுத்தைத் தேற்றிக்கொள்வது நல்லது.

கையில் இருக்கிற அதிகாரம், அதன் ஓரம்

சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதிநியம் வந்திருக்கின்றன. பழைய ஆட்கள் இன்னும், "நூத்தி எழுபத்திநாலு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். சந்தேக மரணத்துக்கான அந்தப் பிரிவு இப்போது 194. முன்னெச்சரிக்கைக் கைதான 151 இப்போது 170. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நிம்மதி, பழையதை மறக்க வேண்டிய பாடு இல்லை.

எண்களைவிட வரம்புகள் முக்கியம். கைது செய்தவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்குமுன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால், பெண் அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். ராத்திரி ரோந்து போகிறவர் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சிக்கி இறந்தார்கள். அது எங்கிருந்து தொடங்கியது? ஊரடங்கு நாட்களில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற விஷயத்திலிருந்து. தினமும் ரோந்துக் காவலர் முன்னால் வருகிற விஷயம் அது. "கடையைச் சாத்துங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நகர வேண்டிய இடம். அதே ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி இரவு, களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த எஸ்.எஸ்.ஐ. வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ள முடிகிறவர்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் நினைப்பவர் எல்லாரையும் எதிரியாகப் பார்ப்பார், அல்லது எதற்கும் இறங்கத் தயங்குவார்.

எப்படிச் சேருவது

தேர்வு நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் பட்டதாரியும் பொறியியல் படித்தவரும் உட்கார்ந்திருப்பார்கள், அதை நினைவில் வையுங்கள். வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28 வரை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31 வரை. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முறையே 167, 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

முதலில் தமிழ் தகுதித் தேர்வு. 80 மதிப்பெண்ணில் 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படித்த பிள்ளைகள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தது 70 மதிப்பெண்ணுக்கான பொது அறிவும் உளவியலும். அதில் தேறினால் ஓட்டம். ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் முடிக்க வேண்டும். பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் போன்றவை. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறு மதிப்பெண் உண்டு. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் காலையில் ஓடுகிறவர்களைப் பாருங்கள், பாதிப்பேர் இதற்காகத்தான் ஓடுகிறார்கள். சம்பள விகிதம் 18,200 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. தேர்வில் வென்று பயிற்சி முடித்ததும் நேராக ஸ்டேஷனுக்கு அனுப்பமாட்டார்கள். ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கோ போக வேண்டும். நம்ம பக்கத்துக்கு அருகில் மணிமுத்தாற்றில் பட்டாலியன் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அதுவே கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், வெள்ளம் வந்தால் மீட்பு என்று சில வருடங்கள் போகும். அதன் பிறகுதான் லோக்கல் ஸ்டேஷன், அங்கே போனால்தான் பீட். ரோந்துக் காவலர் ஆக ஆசைப்படுகிறவர் இந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்து வருடத்தில் முதல்நிலைக் காவலர், பிறகு ஏட்டு, இருபது வருடத்துக்கும் மேல் ஆனால் எஸ்.எஸ்.ஐ. சீக்கிரம் ஸ்டேஷன் வேண்டும் என்கிற பட்டதாரிகளுக்கு நேரடி எஸ்.ஐ. தேர்வு தனியாக உண்டு.

அப்புறம், வழக்கு. திருவிழாவில் நண்பனுக்காகக் கையை ஓங்கி, எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் பெரிய சிக்கல். சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் கோர்ட் விடுவித்தாலும், இந்த வேலைக்கு அது முழு விடுதலையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. விண்ணப்பத்தில் மறைத்தால் இன்னும் மோசம். ஓட்டத்தில் தோற்பவர் அடுத்த முறை ஓடலாம். இதில் தோற்றவருக்கு அடுத்த முறை கிடைப்பது கஷ்டம்.

வீட்டுக்காரர்களிடமும் பேசிவிடுங்கள். வார விடுப்புக்கு 2021இலேயே அரசு ஆணை வந்துவிட்டது. ஆனால் சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சிவாலய ஓட்டம் என்று நம்ம காலண்டரில் சிவப்பாக இருக்கிற நாளெல்லாம் போலீஸ்காரருக்கு பந்தோபஸ்து. எங்கள் சித்தி பல வருடம் தீபாவளிக்கு ஒற்றை ஆளாகத்தான் முந்திரிக்கொத்து செய்தார்.

இத்தனையும் கேட்டுவிட்டு, "செரி, ராத்திரி முழிக்க என்னால முடியுமான்னே தெரியலையே" என்று ஒரு பையன் சொன்னான். நேர்மையான பையன். அவனுக்கு ஊர்க்காவல் படையைக் காட்டினேன். முழுநேர வேலை இல்லை, மதிப்பூதியம்தான், ஆள் எடுக்கும்போது மாவட்டக் காவல்துறை அறிவிக்கும். அதில் சேர்ந்தவர்கள் ரோந்துக்கும் பந்தோபஸ்துக்கும் போலீஸாரோடு சேர்ந்தே போகிறார்கள். ஆனி மாதச் சாரலில், ரெயின்கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, மூன்று மணிக்குப் பூட்டிய வீட்டின் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தால், அவனுக்கே தெரிந்துவிடும்.